ஒரு நூல்தானுங்க

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் செருப்பைக் கழற்றுவார். அடுத்து, கூடத்து மின்விசிறியின் ரெகுலேட்டரைத் திருப்புவார். வணக்கம் மூன்றாவதாகத்தான் வரும்.

கூட்டினாரா குறைத்தாரா என்பது பொருட்டில்லை. திருகு இருந்தது, திருப்பினார். “ஏனுங்க பிட்டர், நல்லாத்தான ஓடிட்டிருந்துச்சு?” என்று கேட்டால், “நல்லாத்தானுங்க சார் ஓடுச்சு. ஒரு நூல்தானுங்க” என்பார்.

திருப்பூரில் நூல் என்றால் சோறு. தச்சர்களுக்கு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அவருக்கு நூல் என்றால், பிறர் பொருளை அவர்கள் அனுமதி இல்லாமல் திருப்புவதற்குப் போதுமான அளவு. அதைவிடத் துல்லியமாக அந்த அளவை யாரும் வரையறுத்ததில்லை.

அவருக்குப் பெயர் உண்டு. வாக்காளர் பட்டியலில் இருந்திருக்கும். தெருவில் அவர் பிட்டர்தான். வட்டப் பின்னல் மிஷின்களை நிறுவுவதும் பழுது பார்ப்பதும் வேலை. நான் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அதாவது, அவரைப் போன்றவர்கள் மிஷினில் எதையெல்லாம் தொடக்கூடாது என்று எழுதி வைத்திருக்கிறதோ, அதையெல்லாம் மனப்பாடம் செய்து சம்பளம் வாங்கியவன்.

முதலில் சந்தித்தது காங்கேயம் சாலைப் பக்கம் ஒரு நிட்டிங் தளத்தில். மிஷினின் பாதுகாப்புக் கதவைத் திறந்தால் மிஷின் தானாக நிற்க வேண்டும். அதுதான் விதி. நான் திறந்தேன். மிஷின் என்னைச் சட்டை செய்யாமல் சுற்றிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தால், கதவு மூடியிருப்பதாக மிஷினை நம்பவைக்க, உள்ளே இருந்த பொத்தானை யாரோ ரப்பர் பேண்டு போட்டு அழுத்தி வைத்திருந்தார்கள்.

“யார் செஞ்சது இதை?”

முதலாளி கூரையைப் பார்த்தார். மேலாளர் முதலாளியைப் பார்த்தார். பின்னாலிருந்து ஒருவர், பரிசு வாங்க மேடைக்கு வருகிறவரைப் போல முன்னால் வந்தார். “நானுங்க சார். ஒவ்வொருக்காவும் நின்னு நின்னு கெளம்புனா துணியில கோடு விழுகுதுங்க. அதான், ஒரு நூல்...”

அறிக்கை எழுதினேன். எச்சரிக்கைப் பலகை ஒட்டச் சொன்னேன். அடுத்த ஆய்வில் பலகை இருந்தது. அதன்மேல் அவருடைய துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

ஓய்வுக்குப் பிறகு வீடு வாங்கினேன். பத்திரம், வில்லங்கம், மனை வரைபடம் எல்லாவற்றையும் முறைப்படி சரிபார்த்தேன். எதிர்வீட்டில் யார் என்று மட்டும் பார்க்கவில்லை. பால் காய்ச்சிய அன்று காலையில் உள்ளே வந்தவர், அடுப்பின் தீயை ஒரு நூல் குறைத்துவிட்டு, “வாங்க சார், நம்ம பக்கத்துக்கே வந்துட்டீங்க” என்று என் வீட்டுக்கு என்னை வரவேற்றார்.

பல்லடத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. பாட்டுக் கச்சேரி நடந்தது. ஒலிபெருக்கிக்காரர் வெற்றிலை போட எழுந்து போன இடைவெளியில், இவர் சாப்பிட்டுக் கை கழுவி வருகிற வழியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பலகையைப் பார்த்துவிட்டார். அதில் திருகுகள் வரிசை வரிசையாக இருந்தன. பசித்தவன் முன் பந்தி. அடுத்த பாட்டைப் பாடகர் கிணற்றுக்குள்ளிருந்தும், தபேலாக்காரர் நம் காதுக்குள்ளிருந்தும் வழங்கினார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா இருவரையும் முறைத்தார். பிட்டர் என் பக்கத்தில் உட்கார்ந்து ரசித்துத் தலையாட்டினார். “இப்பத்தானுங்க சார் தபேலா எந்திரிச்சிருக்குது.”

டீக்கடை அடுப்பு, பேருந்து ஓட்டுநரின் கண்ணாடி, பல் மருத்துவரின் நாற்காலி எதுவும் தப்பியதில்லை. தப்பியது என் ரத்த அழுத்தக் கருவி ஒன்றுதான். அதில் ஒரே ஒரு பொத்தான். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, “பாவமுங்க, திருகே இல்லீங்களே” என்று திருப்பிக் கொடுத்தார். அனாதைப் பிள்ளையை ஆசிரமத்தில் விட்டு வருகிற முகம்.

இந்த மனிதருக்குத்தான் இதயத்தில் மூன்று அடைப்பு என்றார்கள்.

மாடிப்படியில் மூச்சு வாங்கியதில் தொடங்கியது அது. பரிசோதனை, படம், பைபாஸ் என்று மளமளவென்று முடிவாயிற்று. அவர் மனைவிக்கு ரத்தம் என்ற சொல்லைக் கேட்டாலே தலை சுற்றும். ஒரே மகள் குண்டடத்தில் தோட்டம், மாடு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் என்று ஓடிக்கொண்டிருப்பவள். எந்தக் கவுன்டரில் எந்தக் காகிதத்தை நீட்ட வேண்டும் என்று தெரிந்தவன் தெருவில் நான் ஒருவன்தான். ஆகவே நானே துணைக்குப் போனேன். அவர் மனைவி வழியனுப்பும்போது சொன்னார்: “மிஷினுக்கெல்லாம் பைபாஸ் போட்ட மனுசனுங்க. இப்ப இவருக்கே போடறாங்க. பாத்துக்குங்க சார். கத்தியப் புடுங்கி இவரே சாணை புடிச்சாலும் புடிப்பாரு.”

அறுவைக்கு முந்தைய நாள் சர்ஜன் வந்து விளக்கினார். இளைஞர். பொறுமைசாலி. அந்தப் பொறுமைக்கு வரப்போகும் சோதனை அவருக்குத் தெரியாது.

“ஆபரேஷன் நல்லா முடிஞ்சாலும் அடுத்த ரெண்டு மூணு நாள்ல சில பேருக்கு இதயத்தோட மேலறை தாளம் தப்பி, படபடன்னு இஷ்டத்துக்கு அடிக்கும். உங்க வயசுக்கும், உங்க மேலறை கொஞ்சம் பெருத்திருக்கறதுக்கும் அது வர வாய்ப்பு இருக்கு. பெரும்பாலும் மருந்துல அடங்கிரும். ஆனா அப்படி அடிக்கறப்ப ரத்தம் மூலையில தேங்கிக் கட்டியாகலாம். கட்டி மூளைக்குப் போனா கை, கால் விழுந்துரும்.”

“எந்தக் கைங்க?” என்றார் பிட்டர்.

“எந்தக் கை வேணா.”

பிட்டர் தன் வலது கையைப் பார்த்தார். பிறகு, அதற்கு வருத்தமாக இருக்கும் என்று நினைத்தவர்போல இடது கையையும் பார்த்தார். முகத்தில் அதுவரை இல்லாத ஒன்று வந்தது. மார்பைப் பிளக்கப் போகிறார்கள் என்றபோதுகூட வராத பயம்.

“அதைத் தடுக்க மாத்திரை கொடுப்போம். கூடவே மேலறை மேல மெல்லிசா கம்பி தைச்சு வெளிய கொண்டுவந்து ஒரு பெட்டியில மாட்டுவோம். உங்க இதயம் தானா அடிக்கறதைவிடக் கொஞ்சம் வேகமா, ஒரே சீரா அந்தப் பெட்டி அதைத் தட்டிக்கிட்டே இருக்கும். நடுவுல தப்பான துடிப்பு புகுந்துக்க இடம் கெடைக்காது. எல்லாருக்கும் பலிக்கும்னு சொல்ல மாட்டேன். உங்களுக்கு உதவும்னு நெனைக்கறேன்.”

எனக்கு இது உடனே புரிந்தது. அரசு அலுவலகத்தில் கோப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கிற பிரிவில் வம்பு கிடையாது. வரத்து கொஞ்சம் நின்றால் போதும். ஒருவர் எழுந்து ஜன்னலோரம் போவார். இன்னொருவர் அவருக்குத் துணைக்குப் போவார். மாலைக்குள் சங்கம் இரண்டாக உடைந்திருக்கும். இதயத்தின் மேலறையும் ஒரு பிரிவு அலுவலகம்தான்.

பிட்டரும் புரிந்துகொண்டார், அவர் வழியில். “பொட்டியில வேகம் மாத்தற திருகு இருக்குங்களா டாக்டர்?”

“இருக்கே” என்றார் சர்ஜன், வெள்ளந்தியாக.

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அறுவை நல்லபடியாக முடிந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து அடுத்த வார்டுக்குக் கொண்டு வந்தபோது, அவர் விலாவுக்குக் கீழே தோலிலிருந்து மெல்லிய கம்பிகள் கிளம்பி, கட்டில் கம்பியில் தொங்கிய பெட்டிக்குள் போயின. பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் பருமன். முகப்பில் திருகுகள், அவற்றின்மேல் நகர்த்தக்கூடிய ஒரு கண்ணாடி மூடி. வேகம் நிமிடத்துக்குத் தொண்ணூறில் வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு முறை பெட்டி தட்டும்போதும் ஒரு சின்ன விளக்கு மின்னியது.

மருந்தின் அரைமயக்கம் தெளிந்த பிட்டர் என்னைப் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்தார். கல்யாணமான புதிதில் அவர் மனைவியை இப்படிப் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

பகல் வேளையில் அந்த வார்டின் பொறுப்பு ஸ்டெல்லா என்கிற செவிலியிடம் இருந்தது. தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். குரலை உயர்த்தாமலே அதட்டத் தெரிந்தவள். பிட்டரின் வலது கை பெட்டியை நோக்கி நகர்ந்ததை அவள் வாசலிலிருந்தே பார்த்துவிட்டாள்.

“தாத்தா, அதுல கை வைக்காதிய.”

“வெக்கலீங்க அம்மிணி. தூசி இருந்துச்சு.”

“நேத்துதான் வந்த பெட்டி. எங்கயிருந்து வந்துச்சு தூசி?”

“அதானுங்க பாத்தேன்.”

பெட்டியைக் கட்டிலின் மறுபக்கம் மாற்றினாள். இடது கை நகர்ந்தது. முறைப்படி செய்ய வேண்டியதை நான் செய்தேன். ஒரு வெள்ளைத்தாளில் சிவப்பு மையால், “இயந்திரத்தைத் தொடாதீர்” என்று பெரிதாக எழுதிப் பெட்டிக்கு மேலே ஒட்டினேன். பிட்டர் அதை வாய்விட்டுப் படித்தார்.

“எழுத்து நல்லா இருக்குங்க சார். எங்க கம்பெனியில நீங்க ஒட்டச் சொன்னதும் இப்படித்தானுங்க இருந்துச்சு.”

“அதை நீங்க ஒரு நாளாவது மதிச்சீங்களா?”

“தெனமும் பாப்பனுங்க.”

அன்று முழுவதும் அவரை வதைத்தது அந்த விளக்கு. இதை நான் அப்போது புரிந்துகொள்ளவில்லை. பின்னல் மிஷினில் விளக்கு எரிந்தால் எங்கோ நூல் அறுந்துவிட்டது என்று பொருள். மிஷின் நின்றுவிடும். பிட்டர் ஓடுவார், முடிச்சுப் போடுவார், விளக்கு அணையும், மிஷின் ஓடும். இருட்டாக இருக்கிற மிஷின்தான் நலமாக இருக்கிற மிஷின். ஆயுள் முழுக்க எரிகிற விளக்கை நோக்கி ஓடியே கால் தேய்ந்தவர் அவர். இப்போது அவருடைய தலைமாட்டில், அவருடைய இதயத்தோடு இணைத்த பெட்டியில், நிமிடத்துக்குத் தொண்ணூறு தடவை நூல் அறுந்துகொண்டிருந்தது. யாருமே ஓடிவரவில்லை.

“சார், அந்தம்மிணி கிட்டச் சொல்லுங்க. கம்ப்ளெயிண்ட் காட்டிக்கிட்டே இருக்குது.”

“கம்ப்ளெயிண்ட் இல்லீங்க. அது வேலை செய்யறதுக்கு அடையாளம்.”

“வேலை செஞ்சா எதுக்குங்க வெளக்கு?”

பதில் சொன்னேன். விரிவாகவே சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆய்வாளர்களின் விளக்கத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்பதில் அவருக்கு நீண்ட பயிற்சி உண்டு.

மறுநாள் மதியம், கீழே கேன்டீனில் தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். பிட்டர் தலையணையில் சாய்ந்து, ஷிப்ட் முடிந்த மனிதரின் முகத்தோடு கண்மூடியிருந்தார். பெட்டி தொங்கியது. கண்ணாடி மூடி ஒருபக்கம் தள்ளியிருந்தது. விளக்கு மின்னவில்லை.

“என்னங்க பண்ணுனீங்க?”

கண்ணைத் திறக்காமல் சொன்னார்: “நிறுத்திட்டேனுங்க சார். மெதுவா எறக்கிக்கிட்டே வந்தேன். எழுபதுக்கு வந்ததும் கம்ப்ளெயிண்ட் போயிருச்சு. இப்ப மிஷின் ஜம்முனு...”

ஜம்மென்று என்ன என்பதை அவர் முடிப்பதற்குள் தலைக்கு மேலிருந்த திரை கூவத் தொடங்கியது. அதுவரை பள்ளிக்கூட அணிவகுப்புப்போலப் போய்க்கொண்டிருந்த கோடு, மணி அடித்ததும் ஓடுகிற பிள்ளைகளைப்போலக் கலைந்தது. நூற்று முப்பது, தொண்ணூற்றாறு, நூற்று நாற்பத்தொன்று என்று எண்கள் ஏறி இறங்கின. ஸ்டெல்லா வந்துவிட்டாள். அவளுக்குப் பின்னால் பணி மருத்துவர் வந்தார். எழுபதுக்கு இறக்கியதும் இதயத்தின் சொந்த வேகம் பெட்டியை முந்திவிட, பெட்டி தட்டுவதையே விட்டுவிட்டதாம். தாளம் ஒருமுறை தப்பிய பிறகு அந்தப் பெட்டியால் அதை அடக்க முடியாதாம். கையில் ஏற்கனவே இருந்த ஊசி வழியாகச் சொட்டு மருந்து ஏற்றினார்கள்.

பிட்டர் கண்ணைத் திறந்து திரையைப் பார்த்தார். “அறுந்து அறுந்து ஓடுதுங்களே” என்றார் மெதுவாக. பிறகு போர்வைக்கு வெளியே வலது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஒவ்வொன்றாக நிமிர்த்தினார். இடது கையிலும் அதையே செய்தார். மறுபடி வலது கை. யாரும் சொல்லாமலே செய்துகொண்டிருந்தார்.

மாலைத் தேநீர் வண்டி வருவதற்குள் தாளம் திரும்பியது. பெட்டி மறுபடி தொண்ணூறில் மின்னத் தொடங்கியது. சர்ஜன் வந்து பார்த்தார். “திருப்புனதாலதான் வந்துச்சுன்னு என்னால சொல்ல முடியாது. அதில்லாமலும் வந்திருக்கலாம். ஆனா அதைத் தடுக்க வெச்சிருந்த ஒண்ணை எடுத்துவிட்டது நீங்க. இன்னும் ரெண்டு நாள் கண்டம் இருக்கு. மறுபடி வந்து நிக்காம போனா அப்பறம் நான் கையைப் பத்தித்தான் பேச வேண்டியிருக்கும்.”

“இனித் தொட மாட்டேனுங்க டாக்டர்.”

அவர் பொய் சொல்லவில்லை. மனதார நம்பித்தான் சொன்னார். சர்ஜன் கதவைத் தாண்டியிருக்க மாட்டார், இடது கை போர்வைக்கடியில் ஊரத் தொடங்கியது. எலி போவதுபோலப் போர்வை ஒரு கோடாக மேடிட்டு நகர்வதை நானும் ஸ்டெல்லாவும் பார்த்துக்கொண்டிருந்தோம். அவரும் பார்த்தார். அவருக்கும் அது திகைப்பாகத்தான் இருந்தது.

“இதென்னங்க, அதும்பாட்டுக்குப் போகுது.”

பார்வையாளர் நேரத்தில் பிட்டரின் மனைவி வந்தார். நடந்ததைச் சொன்னேன். ரத்தம் என்கிற சொல்லைத் தவிர்த்தே சொன்னேன். அவர் கணவரின் பக்கம் திரும்பினார்.

“கம்முனு கெடக்கறதுக்கு உங்களுக்கு யாராச்சும் கூலி குடுக்கோணுமா? கை வெளங்காமப் போனா நானா வந்து ஊட்டி உடறது?”

“ஒரு நூல்தான புள்ள.”

“அந்த நூல்லயே தூக்குப் போட்டுக்கறேன் போங்க.”

கைகளைக் கட்டிலோடு கட்டி வைக்கலாமா என்று நான் ஸ்டெல்லாவிடம் கேட்டேன். அதற்கு மருத்துவரின் உத்தரவு வேண்டும், உறவினரின் சம்மதம் வேண்டும், அவ்வப்போது அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று நானே நடைமுறையையும் சொன்னேன். அவர் மனைவி குறுக்கிட்டார்.

“கையக் கட்டாதீங்க சார். பொட்டியில துணி கட்டுங்க.”

எனக்குப் புரியவில்லை. அவரும் கல்யாணத்துக்கு முன்னால் அதே நிட்டிங் தளத்தில் வேலை பார்த்தவர். விளக்கினார். அங்கே ஒரு பிட்டர் ஒரு மிஷினைத் தன் கணக்கில் சரிசெய்து ஓடவிட்டால், அதன் பேனலில் தன்னுடைய துணிக் கீற்று ஒன்றைக் கட்டிவிடுவார். ஒருவருக்கு மஞ்சள், ஒருவருக்குக் கட்டம் போட்டது. அந்தத் துணி தொங்கும்வரை வேறெந்தப் பிட்டரும் அந்த மிஷினில் விரல் வைக்க மாட்டார். முதலாளியே சொன்னாலும் மாட்டார். ஷிப்ட் மாறும்போது கட்டியவரே வந்து அவிழ்த்து, “மிஷின் ஓட்டத்துல இருக்கு, பாத்துக்க” என்று சொல்ல வேண்டும். வாங்குகிறவர் “பாத்துக்கறேன்” என்று வாயால் சொல்லித் தன் துணியைக் கட்ட வேண்டும். “இவரு அடுத்தவன் பொண்டாட்டி கையப் புடிச்சாலும் புடிப்பாரு. அடுத்தவன் துணி கட்டுன மிஷினத் தொட மாட்டாருங்க.”

“ஏ புள்ள” என்றார் பிட்டர், வார்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு.

எனக்கு நினைவு வந்தது. அந்தத் துணிக் கீற்றுகளை நான் எத்தனையோ பேனல்களில் பார்த்திருக்கிறேன். மின்பலகைகளில் எரியக்கூடிய பொருள் தொங்குகிறது, உடனே அகற்றுக என்று எழுதியும் இருக்கிறேன். ஒரு தளம் முழுவதையும் ஒழுங்காக வைத்திருந்த ஒரே விதியை நான் தீ அபாயம் என்ற தலைப்பின்கீழ் வகைப்படுத்தியிருந்தேன்.

ஸ்டெல்லா சிரிக்கவில்லை. தலையிலிருந்த நீலத் தொப்பியின் நாடாவைக் கத்தரித்தாள். திருகுகளையும் விளக்கையும் மறைக்காமல் பெட்டியின் மேல் வளையத்தில் இரண்டு முடிச்சாகக் கட்டினாள்.

“தாத்தா, பாத்துக்கிடுங்க. இது எம் மிஷினு.”

பிட்டர் அந்த நாடாவைப் பார்த்தார். முடிச்சைப் பார்த்தார். போர்வைக்கடியில் போய்க்கொண்டிருந்த கை நின்றது. திரும்பியது. நெஞ்சுக்குமேல் வந்து இன்னொரு கையோடு சேர்ந்து படுத்துக்கொண்டது.

“சரிங்க அம்மிணி” என்றார். குரலில் ஒரு சக தொழிலாளிக்குக் கொடுக்கும் மரியாதை இருந்தது. “வெளக்கு மட்டும் கொஞ்சம் பாருங்க. உங்க மிஷினு, நான் சொல்லக்கூடாது.”

அன்றிரவு அவர் தொடவில்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்த நிம்மதி காலைச் சுற்றுவரைதான்.

சர்ஜன் மூன்று பயிற்சி மருத்துவர்களோடு வந்தார். திரையைப் பார்த்தார், திருப்தியானார். “நல்லாப் போகுது. எண்பதுக்குக் குறைக்கலாம்” என்று பெட்டிக்குக் கையை நீட்டினார். பிட்டரின் இரண்டு உள்ளங்கைகளும் பெட்டியின்மேல் வந்து விழுந்தன.

“தொடாதீங்க டாக்டர்.”

சர்ஜனின் கை காற்றில் நின்றது. “என்னது?”

“துணி கட்டியிருக்குதுங்க. கட்டுன அம்மிணி வரோணும்.”

“அவங்க ஷிப்ட் இன்னும் ஆரம்பிக்கலை.”

“வரட்டுமுங்க. நான் எங்க போகப் போறேன்.”

“இதை வெச்சுத் தைச்சதே நாந்தாங்க.”

“மிஷின் போட்ட கம்பெனி வேற, ஓட்டற பிட்டர் வேறங்க டாக்டர்” என்றார் பிட்டர், கற்பிக்கும் தோரணை சிறிதும் இல்லாமல், கெஞ்சலாக. “எனக்கும் சங்கட்டந்தானுங்க. நீங்க நெஞ்சத் தொறந்து பாத்தவரு. அதுக்காக மொறையை மாத்த முடியுங்களா?”

பயிற்சி மருத்துவர்களில் ஒரு பெண் குறிப்பேட்டால் வாயை மறைத்துக்கொண்டாள். இரவுப் பணிச் செவிலி கையைப் பிசைந்தாள். சர்ஜன் என்னைப் பார்த்தார், இந்தக் கட்டிலருகே பேசத் தகுந்தவர் நீங்கள் ஒருவர்தான் என்பதுபோல. நான் படித்தவன், விதி தெரிந்தவன். எனக்குள் ஏதோ கழன்றுவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

“டாக்டர், ஒப்படைப்பு முறைப்படி நடக்கலைன்னா பொறுப்பு யாருதுன்னு பின்னாடி பிரச்சினை வரும்” என்றேன்.

சர்ஜன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார். பிட்டரின் கைகளை விலக்கப் போராடினால் கம்பி இழுபடும் என்பது அவருக்குத் தெரியும். “அந்த சிஸ்டரைக் கூப்பிடுங்க” என்றார்.

செவிலியர் விடுதி பக்கத்துக் கட்டடம்தான். நைட்டிக்கு மேலே துப்பட்டாவும், ஈரத் தலையில் துண்டும், கையில் பல் துலக்கும் பிரஷ்ஷுமாக ஸ்டெல்லா வந்து நின்றாள். பெட்டிக்கு மேல் கவிந்திருந்த கைகளையும், சுவரோரம் கைகட்டி நின்ற இதய அறுவை நிபுணரையும் பார்த்தாள்.

“என்ன தாத்தா, மானத்தை வாங்குதிய.”

“உங்க மிஷினக் காப்பாத்தி வெச்சிருக்கேனுங்க அம்மிணி.”

அவள் பிரஷ்ஷைத் துண்டில் செருகிக்கொண்டு நாடாவை அவிழ்த்தாள். பிட்டர் கைகளை எடுத்தார், ஆனால் வெகுதூரம் எடுக்கவில்லை. அவள் போகத் திரும்பினாள்.

“சொல்லோணுமுங்க” என்றார் பிட்டர்.

ஸ்டெல்லா கூரையைப் பார்த்தபடி சர்ஜனிடம் சொன்னாள்: “மிஷின் ஓட்டத்துல இருக்கு சார். பாத்துக்கிடுங்க.”

எல்லோரும் சர்ஜனைப் பார்த்தோம்.

“பாத்துக்கறேன்” என்றார் அவர், மிகச் சிறிய குரலில்.

திருகைத் திருப்பி எண்பதில் வைத்தார். பிட்டர் மூச்சை வெளியே விட்டார். “ஒரு நூல் இந்தப் பக்கமா இருந்திருக்கலாம்” என்று என் காதில் மட்டும் சொன்னார். “ஆனா அவரு ஷிப்ட்டு.”

அதன்பின் அந்த வார்டில் பணி மாறும்போதெல்லாம் நாடா அவிழ்ந்து, சொல் பரிமாறி, வேறொரு நாடா கட்டப்பட்டது. முதலில் கேலியாகச் செய்தார்கள். பிறகு பழக்கமாகச் செய்தார்கள். பிட்டர் ஒவ்வொரு முடிச்சையும் பார்வையிட்டு, தளர்வாக இருந்தால் திருப்பிக் கட்டச் சொன்னார். தாளம் மறுபடி தப்பவில்லை. கடைசியில் பெட்டியை நிறுத்தி, ஒரு பகல் முழுக்கப் பார்த்திருந்து, கம்பியையும் மெல்ல இழுத்து எடுத்தார்கள். சுறுக்கென்றதாம், அவ்வளவுதான். விளக்கில்லாத பெட்டி மேஜையில் கிடந்தது. திரையில் கோடு தானாகவே, யாரும் தட்டாமல், சீராகப் போனது. பிட்டர் பத்து விரல்களையும் மடக்கி நிமிர்த்தி, என்னைப் பார்த்துக் காட்டினார்.

வீடு திரும்பிச் சில வாரம் கழித்து, நெஞ்சில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாகத் தெருவைக் கடந்து வந்தார். எனக்குள் குறும்பு புகுந்திருந்தது. அவர் வருவது தெரிந்து, ரெகுலேட்டர் திருகில் ஒரு கைக்குட்டைக் கிழிசலைக் கட்டி வைத்திருந்தேன். செருப்பைக் கழற்றினார். சுவரைப் பார்த்தார். நின்றார்.

“யாருதுங்க சார்?”

“என்னுது.”

“சரிங்க” என்று உட்கார்ந்தார். கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். சித்திரை மாதம். காப்பி வந்தது, போயிற்று. நெற்றியில் வேர்வை வழிந்தது. துடைக்கக் கையை எடுத்தால் அது வேறெங்காவது போய்விடும் என்று பயந்தவர்போல அப்படியே இருந்தார். நாட்டு நடப்பெல்லாம் பேசினோம். கண் மட்டும் சுவரில் இருந்தது.

“எப்பங்க ஷிப்ட் முடியும்?” என்றார் கடைசியில்.

எனக்கே பொறுக்கவில்லை. எழுந்து அவிழ்த்தேன். “மிஷின் ஓட்டத்துல இருக்கு. பாத்துக்குங்க.”

“பாத்துக்கறேனுங்க.”

போய் ஒரு நூல் திருப்பினார். காதைச் சாய்த்துக் கேட்டார். இன்னும் அரை நூல். பிறகு தோளிலிருந்த துண்டின் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து, அந்தத் திருகில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டிவிட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

அந்த மாதக் கடைசியில் மகள் வந்து இருவரையும் குண்டடத்துக்கு அழைத்துப் போய்விட்டாள். அங்கே பம்புசெட் இருக்கிறது, சொட்டுநீர்க் குழாய் முழுக்கத் திருகுகள் இருக்கின்றன. அவர் வரவே இல்லை.

மார்கழியில் எங்கள் மின்விசிறி அதே வேகத்தில் ஓடுகிறது. சுவிட்சைப் போடுகிறோம், அணைக்கிறோம். ரெகுலேட்டரை யாரும் தொடுவதில்லை. என் மனைவி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்து, திருகிலிருந்து தொங்கும் துண்டுக் கிழிசலையும் என்னையும் பார்க்கிறாள். “பிச்சுப் போடுங்களேன்” என்கிறாள். கிட்டப் போகிறேன். கை போகிறது. திரும்பி வந்துவிடுகிறது.

போன வாரம் குண்டடத்துக்குப் போன் செய்து, எப்போது வந்து அவிழ்க்கிறீர்கள் என்று கேட்டேன்.

“என்னுங்க சார் அவசரம்?” என்றார். பின்னால் எங்கேயோ ஒரு மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. “நல்லாத்தானுங்க ஓடுது.”